துண்டில் சுற்றிய குழந்தை

"குழந்தை இன்னும் வந்து சேரலியே..."

லூயிசா வாசலுக்கும் பால்கனிக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். அடையாறிலிருந்து மந்தைவெளிக்கு வர ஓர் ஆட்டோவுக்கு இவ்வளவு நேரமா? புருஷன் பவுல்சாமியின் போன் வேறு சுவிட்ச் ஆஃப்.

நாத்தனார் ஜூலியட்டுக்குப் போன் போட்டாள்.

"அண்ணன் அப்பவே கெளம்பிடுச்சே அண்ணி! நான்தான் குழந்தைய துண்டுல நல்லா சுத்திக் குடுத்தேன். வழியில எங்கியும் கீழ எறக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதையும் சொன்னேன். மடியில வச்சிக்கினுதான் போச்சு."

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. கூடத்தில் வெள்ளை விரிப்பு, அதன் மேல் குழந்தைக்கென்று லூயிசாவே பச்சைப் பட்டில் தைத்த சட்டை. மனசு கேட்காமல், கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டாள். அங்கே எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொன்னாள்.

"குழந்தைய துண்டுல சுத்தி ஆட்டோல தூக்கிட்டுப் போனாங்க. போனும் சுவிட்ச் ஆஃப். எனக்கு பயமா இருக்கு. யாராச்சும் பாத்தீங்கன்னா சொல்லுங்க."

புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. மரியாதையாக 'போனாங்க' என்றால் அது பவுல்சாமிதான். ஆனால் கேட்கிறவனுக்கு அது ஒரு கும்பலாகவும் இருக்கலாம், இல்லையா?

குரூப்பில் இருந்த கிளிஃபர்ட் நல்ல மனுஷர். அதுதான் வினை. முழுசாகக் கேட்கக்கூடப் பொறுமையில்லாமல், 'அவசரம்' என்று போட்டு ஏரியா குரூப்புக்குத் தள்ளிவிட்டார். அங்கே எவனோ ஒரு புண்ணியவான் அதை எழுத்தாக்கி, சிவப்பு விளக்குப் படம் நாலு ஒட்டி, ஊருக்கே அனுப்பிவைத்தான்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு ரூபீனா, மகனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"லூயிசாக்கா, கதவ சாத்து! புள்ள புடிக்கிற கும்பல் வந்துகீதாம். நம்ம ஏரியாலதான் ஆட்டோல சுத்துறானுங்களாம்!"

லூயிசா தன் போனிலும் வந்திருந்த அந்தச் செய்தியைப் படித்தாள்.

"ஐயோ மாதாவே! யாரு பெத்த புள்ளையோ... இவங்களும் இன்னும் வெளியதானே கீறாங்க!"

உடனே அதைத் தன் அக்கா, தங்கை, வேலை பார்க்கிற இடத்துத் தோழிகள் எல்லாருக்கும் தட்டிவிட்டாள். தெரிந்தவர்களை எச்சரிக்காமல் எப்படி இருப்பது?

"புடிச்சுட்டாங்கக்கா!" என்று ரூபீனா கத்தினாள். "மார்க்கெட்டாண்ட. லைவ்ல ஓடுது பாரு!"

சின்னத் திரையில் ஒரே கூட்டம். நடுவில் ஓர் ஆட்டோ. அதிலிருந்து ஒரு மனிதனை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு துணிமூட்டையை மார்போடு கட்டிக்கொண்டு குனிந்திருந்தான். கீழே கமெண்ட்டுகள் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தன. 'குழந்தை அழவே இல்ல பாருங்க.' 'மயக்க மருந்து குடுத்துட்டான்.' 'போலீஸ் வர்றதுக்குள்ள நாலு போடுங்க.'

முகம் தெரியவில்லை. ஆனால் அந்த ஊதா கட்டம் போட்ட சட்டை, அவள் மத்தியானம் இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

லூயிசா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வழியில் மருந்துக்கடை வாசலில் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்றிருந்தார்கள். "எனக்கு பயமா இருக்கு" என்று ஒரு பெண் அதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அது லூயிசாவின் குரலேதான்.

மார்க்கெட்டில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். பவுல்சாமியின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அப்போதும் மூட்டையை விடவில்லை.

"எறக்குடா குழந்தைய!"

"எறக்க மாட்டேன்... கீழ வைக்கக் கூடாதுய்யா..."

"அவர் என் புருஷன்! விடுங்கய்யா, செத்துடுவாரு! அந்த வாய்ஸ் போட்டதே நான்தான்யா!" என்று அலறினாள் லூயிசா.

"இந்தம்மாவும் கூட்டுதான் மச்சி, வுடாத!" என்றது ஒரு குரல். இன்னொருவன் அவள் கையை முறுக்கினான். செத்தோம் என்றே அவள் நினைத்தாள்.

அதற்குள் ஒருத்தன் துண்டைப் பிடித்து உருவிவிட்டான். ஓங்கிய கைகள் அப்படியே நின்றன.

உள்ளே இருந்தது ஒரு முழ உயரத்துக்குக் குழந்தை இயேசு சொரூபம். தலையில் கிரீடம், கையில் உருண்டை, கன்னத்தில் ரோஸ் பெயின்ட்.

"நவநாள் ஜெபத்துக்கு வீடு வீடா தூக்கிக்கினு போவோம்பா," என்றார் பவுல்சாமி, மூச்சு வாங்க. "எங்களுக்கு இதான் குழந்தை. இன்னிக்கு எங்க வீட்டு முறை."

முன்னால் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். கையை முறுக்கியவன் விட்டுவிட்டான். லூயிசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

லைவ் போட்டுக்கொண்டிருந்தவன் மட்டும் போனை இறக்கவில்லை. அதைச் சொரூபத்தின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனான். திரையில் ஏறிக்கொண்டிருந்த வரிகளை ஒரு தரம் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

"டேய், வுட்றாதீங்கடா! இவன் சிலை கடத்துறவன்டா!"