வாத்தியாருக்கு வீங்காது

அன்னூர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பொன்னுக்கு வீங்கி. தங்கம் பட்டால் வீக்கம் வடியும் என்று, பணியாரமாய் உப்பிய தாடைக்குக் கீழே அம்மாவின் சங்கிலியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு வாரம் லீவு உடுங்க சார். வாத்தியாருக்கும் ஒட்டிக்குமுங்க" என்றார் அறிவியல் ஆசிரியர் ஆறுச்சாமி.

தலைமையாசிரியர் ரசாக் சிரித்தார். "பெரியவங்களுக்கு வராதுங்க. பயமா இருந்தா நீங்களும் ஒரு சங்கிலி போட்டுக்குங்க."

"இது வைரஸுங்க சார்! தங்கத்தப் பாத்தா ஓடிப்போகுமா? ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம். முப்பத்தாறு வயசுல இப்பத்தான் அமைஞ்சுதுங்க. வீங்குன மூஞ்சியோட போய் நின்னா பொண்ணு ஊட்டுல என்ன நெனப்பாங்க?"

லீவு கிடைக்கவில்லை. ஆறுச்சாமி மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகவே பாடம் நடத்தினார். நோட்டுகளை வெயிலில் காயவைத்துத் திருத்தினார். பிள்ளைகள் 'திருடன் சார்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும், ஞாயிறு காலை கண்ணாடியில் தாடை தப்பித்திருந்தது.

மணமேடையில் பெண் தலை நிமிரவே இல்லை.

"ரொம்ப அடக்கமுங்க" என்று முன்வரிசையில் ரசாக் மெச்சினார்.

தாலியோடு குனிந்தபோதுதான் ஆறுச்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பணியாரம்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் கயல்விழி, கண்ணில் நீரோடு. "நேத்துதானுங்க வீங்குச்சு. எங்க கிணத்துக்கடவு ஸ்கூல்லயும் லீவு உடலீங்க. டீச்சருக்கெல்லாம் வராதுன்னு சொல்லிப்போட்டாங்க."

ஆறுச்சாமி கைக்குட்டையை எடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அழுகாதீங்க அம்மணி. கழுத்துல பொன்னு ஏறுனா தானா வடிஞ்சுபோகுமுங்க" என்றபடி முதல் முடிச்சைப் போட்டார்.