புதிய திருத்தப் பட்டியல்

வாசலில் நின்ற வண்டியில் அக்கா தன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். பத்து நாள் தம்பி வீட்டில் ஒண்டியிருந்தது போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. தம்பிதான் குற்றவாளி மாதிரி ஓரமாக நின்றான்.

அவனுக்கு வேலை மலையை அளப்பது. மலைச்சரிவில் நட்டிருந்த கருவி, செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடித்து, தான் நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடும். பத்து நாளுக்கு முன்னால் அது மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. அவன் பதறியடித்துக்கொண்டு அடிவாரத்து நாற்பது வீடுகளையும் காலி செய்யவைத்தான். அக்கா வீடும் அதில் ஒன்று.

மலை சரியவில்லை. ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. ஊரார் அவனுக்கு ‘மூணு சென்டி’ என்று பட்டம் கட்டியதுதான் மிச்சம்.

மேலதிகாரி வேறு பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் சிக்னல் புறப்படும்போதே ஒரு துளி தாமதமாகும். அதைக் கழித்துக்கொள்ள ஒரு திருத்தப் பட்டியல் உண்டு. அந்தத் தாமதம் லேசில் மாறாது என்ற நம்பிக்கையில், அவன் ஒரு வருடப் பழைய பட்டியலையே போட்டுக்கொண்டிருந்தான்.

“கோளாறு மலையில இல்லப்பா, உன் பட்டியல்ல” என்றார் அவர்.

கணக்கீட்டு மையத்துக்கு எழுதி, கருவியின் அளவுகளைத் தினமும் அனுப்பி, அன்றன்றைக்குப் புதிய பட்டியல் வரவழைத்தார்கள். அதைப் போட்டதும் மூன்று சென்டி மாயமாய் மறைந்தது. முன்பெல்லாம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டராவது தள்ளாடும் எண், இப்போது பூஜ்யத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தான். பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு ஜனங்களைத் தடுப்பது என்று கேட்டார் மேலதிகாரி. அவனுக்கு மனசு அரித்தது உண்மைதான், ஆனால் அரிப்பை அறிக்கையில் எழுத முடியாதே.

அத்தான் அவன் தோளைத் தட்டி, அடுத்த தடவை அரை சென்டியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“உன் கருவிய நம்பித்தான் வந்தோம். அதே கருவிய நம்பித்தான் திரும்பிப் போறோம். நீ ஏன்டா முகத்தத் தொங்கப் போட்டுட்டு நிக்கற?”

அவன் கடைசிப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். வண்டி தெரு முனை திரும்பும்வரை கையாலாகாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. வீட்டைக் கழுவி விட்டாகிவிட்டது, பிள்ளைகள் பின்னறையில் படுத்துத் தூங்குகிறார்கள் என்றாள். அந்த அறைக் கதவு மட்டும் நிலையில் உட்கார மாட்டேனென்று அடம்பிடிக்கிறதாம். பூட்டிக் கிடந்ததில் மரம் ஊறியிருக்கும் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள்.

போனை வைத்த பிறகும் அவனுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. யாரிடமாவது பேசினால் தேவலை போலிருந்தது. நன்றி சொல்லும் சாக்கில், பட்டியல் போட்டுக் கொடுத்த மையத்து அதிகாரியம்மாவைக் கூப்பிட்டான்.

உங்கள் பட்டியல் வந்ததிலிருந்து மலை இம்மியும் அசையவில்லை, இத்தனை சுத்தமான பூஜ்யத்தை என் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று சொன்னான்.

அந்தம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“எப்படி சார் அசையும்? உங்க மலை அசையாதுன்னு வச்சுக்கிட்டுத்தானே அந்தப் பட்டியலையே போட்டோம்!”