மரத்துப் போன கை

வெள்ளையம்மாளின் புறங்கை இரண்டையும் ஒட்டவைத்து, மணிக்கட்டுகளை மடக்கச் சொன்னார் டாக்டர்.

"ஒரு நிமிஷம் இப்படியே வெச்சிருங்கம்மா. விரல் மரத்துப் போகுதா?"

"இல்லீங்க சாமி."

மணிக்கட்டில் விரலால் தட்டினார். "இப்ப சுருக்குன்னு இழுக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

மருமகள் அருள்மொழிக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றாங்க டாக்டர்! கொடியிலேருந்து மெளகு உருவுறப்ப கையை உதறிக்கிட்டே இருக்காங்க. நேத்து சோத்துக் குண்டானையே கீழ போட்டுட்டாங்க."

"இவங்க வாயால சொன்னாத்தாம்மா இந்தச் சோதனையில தெரியும்," என்று டாக்டர் சிரித்தார். "ஆபரேஷன்னு பயப்படாதீங்கம்மா. மணிக்கட்டுக்கு ஒரு பட்டை தர்றேன். கட்டிக்கிட்டுப் படுத்தா, ராத்திரி மரத்துப் போறது நின்னுரும்."

"நின்னுருங்களா?" வெள்ளையம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "எனக்குத்தான் ஒண்ணுமே இல்லீங்களே!"

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறிய பஸ்ஸில் அருள்மொழி பொரிந்து தள்ளினாள். "எதுக்கு அத்தை மறைச்சீங்க?"

வெள்ளையம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருமகளிடம் சொல்கிற சங்கதியா அது?

அன்று ராத்திரியும் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்தது. தன் கை என்கிற உணர்வே இல்லாமல் கனமாகக் கிடந்த அதை, இடது கையால் மெல்லத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதே சொரசொரப்பு. அதே கதகதப்பு. போன ஐப்பசியில் செத்துப்போன அவள் புருஷன் ராசப்பன், தூக்கத்தில் இப்படித்தான் அவள் கன்னத்தில் கையைப் போடுவார்.

"ஏனுங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல். "இன்னைக்கு உங்களைத் தொரத்திவுடப் பாத்தாங்க. நான் ஒத்துக்கவே இல்லையே."