வளர்கிற பிள்ளைக்குச் சக்கரம்

வலங்கைமான் அரிசி ஆலையின் நெற்களத்தில் மாலை வெயில் மஞ்சளாய்ச் சாய்கிறது. ஒரே வரிசையில் உள்ள நான்கு சக்கரமும் தேய்ந்துபோன ஸ்கேட்டை மடியில் வைத்திருக்கிறாள் சுமையா. ஸ்கேட்டில் ஓடியே ஆடும் ஹாக்கிக்கான மட்டை பக்கத்தில் கிடக்கிறது. துபாய்க் கடையில் நிற்கும் அத்தா ஜெகபர் அலி, வீடியோ அழைப்பில் பெரிதும் சிறிதுமாய் இரண்டு சக்கரங்களைத் தூக்கிக் காட்டுகிறார். "வளர்ற புள்ள, பெருசையே எடுத்துக்கிறேன்." "பெருசு நேரா ஓடத்தான் சரி அத்தா. பந்து பின்னாடி சட்டுன்னு திரும்பணும்னா சின்னதுதான்." பழைய சக்கரத்தை விரலால் சுண்டுகிறாள், அது கிர்ரென்று சுற்றி, ஒட்டிய உமியை உதறுகிறது. அவர் சிரிக்கிறார். "சரி, சின்னதே. ஸ்கேட் ஷூவாவது ஒரு சைஸ் பெருசா வாங்குறேன். நான் வர்றதுக்குள்ள கால் வளர்ந்துடும்." சுமையா ஸ்கேட்டுக்குள் காலை நுழைத்து நாடாவை இறுக்குகிறாள். "இது இப்ப பத்துது அத்தா. பத்தாமப் போறதுக்குள்ள வந்துடுங்க."