மேல் மூலை நீலம்

"பாஸ்டர், ஓடி வாங்க! நம்ம சுவரைப் பாருங்க!"

சிவநந்தினி டீச்சர் போட்ட சத்தத்தில் அந்த அலுவிகாரைத் தெருவே காலங்காத்தாலே கூடிவிட்டது. ஜெபவீட்டை ஒட்டிய நர்சரியின் நீலச் சுவர் முழுவதும் கரி. இழுத்து இழுத்துத் தேய்த்திருந்தார்கள். கை எட்டாத மேல் மூலையில் மட்டும் ஒரு சாண் நீலம் மிஞ்சியிருந்தது.

சுவரோரம் இருந்த பூச்சட்டிகள் ஒன்றுகூட உடையாமல் முற்றத்தின் மறுபக்கம் வரிசையாக நின்றன. அதையெல்லாம் கவனிக்க அப்போது யாருக்குப் பொறுமை?

"நியூசிலாந்துப் புள்ளைங்க வர்ற வேன் அக்குறணை தாண்டிருச்சாம். இதையா அவங்களுக்குக் காட்டுறது?" டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அழுததில் நியாயம் இருந்தது. போன வருடம் நியூசிலாந்துச் சபையொன்றிலிருந்து இளைஞர்கள் பத்துப் பேர் ஊழியத்துக்கு வந்து, ஒரு வாரம் தங்கி, இந்தச் சுவருக்கு நீலம் பூசிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவன் திரும்பிப் போய் எழுதிய கடிதத்தை ஐயாவு பாஸ்டர் சபையில் வாசித்தபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். 'எதற்காக உயிரோடு இருக்கிறேன் என்று தெரியாமல்தான் வந்தேன். அந்தச் சுவரைப் பூசி முடித்த அன்று தெரிந்தது' என்று எழுதியிருந்தான்.

இன்று இரண்டாவது குழு வருகிறது. சுவரோ கன்னங்கரேல் என்று நிற்கிறது.

"விடுங்கம்மா. சுவர்னா கறுக்கத்தானே செய்யும்," என்றார் பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே. அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார்.

"ஒரே ராத்திரியிலயா?" ஆட்டோ ஓட்டும் திவாகரன் முன்னால் வந்தான். அவன் மகள் இந்த நர்சரியில்தான் படிக்கிறாள். "வாங்க பாஸ்டர், போலீசுக்குப் போவோம்."

"போலீஸ் வேணாம்."

"அப்ப நாங்க பாத்துக்கிறோம்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கூட்டத்தில் யாரோ, "இது போறணைக் கரி" என்றார்கள். அந்தத் தெருவில் போறணை அடுப்பு வைத்துப் பாண் சுடுகிறவர் எதிர்ப்பக்கத்துப் பேக்கரி அக்ரம் மட்டும்தான். போன மாதம் ஜெபக்கூட்டத்து ஸ்பீக்கர் சத்தம் அதிகம் என்று வந்து சொன்னவரும் அவர்தான். இரண்டையும் முடிச்சுப்போட ஊருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தடியும் பொல்லும் கையுமாகப் பதினைந்து பேர் தெருவைக் கடந்தார்கள். "நில்லுங்க, நில்லுங்க" என்று பாஸ்டர் பின்னாலேயே ஓடினார். யார் நின்றார்கள்!

பேக்கரி வாசலில் கரிச்சாக்கு பாதி காலியாகக் கிடந்தது.

"நேத்து நிறைஞ்சிருந்த சாக்கு! மிச்சக் கரி எங்க?" நேற்று வரை 'அக்ரம் நானா' என்று அண்ணன் முறை சொல்லி வாய் நிறைய அழைத்த திவாகரன் இன்று முகத்துக்கு நேரே விரலை நீட்டினான்.

"அது சும்மா வெளியில வைக்கிறது தம்பி. துணி அயன் பண்றவங்க எடுத்துட்டுப் போவாங்க. யாரு எடுத்தாங்கன்னு நான் பாத்துக்கிட்டா இருக்கேன்?"

"ஸ்பீக்கருக்குச் சண்டைக்கு வந்தது நீங்கதானே?"

"சண்டைக்கு வரல. புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னேன். பாஸ்டரும் சத்தத்தக் கொறைச்சாரு. அவருக்கிட்டயே கேளுங்க."

கேட்கும் நிலையில் யாரும் இல்லை. எங்கிருந்தோ பறந்து வந்த கல் பேக்கரிக் கண்ணாடியில் பட்டது. பாண், பணிஸ் எல்லாவற்றின் மேலும் சில்லுகள் கொட்டின. உள்ளே அக்ரமின் மனைவி மஸீனாவின் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டு அழுதது.

அக்ரம் குழந்தையின் பக்கம் திரும்பினார். திவாகரன் பொல்லை ஓங்கினான்.

பாஸ்டர் பாய்ந்து நடுவில் விழுந்து பொல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அறுபது வயது மனுஷனுக்கு மூச்சு இரைத்தது. அந்தக் கைகளை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் இருந்த கரி போகவில்லை.

"அவரை அடிக்காத. கரி பூசினது நான்தான்."

டீச்சர் மெல்லத் திரும்பி முற்றத்துப் பூச்சட்டிகளைப் பார்த்தாள். தினமும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் பாஸ்டர்தான்.

"நீங்களா? நம்ம சுவரை நீங்களே ஏன் பாஸ்டர்?" திவாகரனின் பொல்லு கீழே இறங்கியது.

"சொல்ல வெக்கமா இருந்துச்சு. இவ்வளவு தூரம் போகும்னு நான் நினைக்கல. அக்ரம் தம்பி, என்னை மன்னிச்சிருங்க." பாஸ்டர் அக்ரமைப் பார்த்துக் கைகூப்பினார். "இன்னைக்கு வர்றவங்கள்ல ஒரு பொண்ணு இருக்கு. உயிரே வேணாம்னு இருந்த புள்ளை. போன வருசத்துப் பையன் அந்தச் சுவரைப் பத்திச் சொல்லியிருக்கான். 'நானும் போய்ப் பூசுறேன்'னு, அதுக்காகவே படுக்கைய விட்டு எழும்பியிருக்கு. அவங்கம்மா போன்ல அழுதாங்க. நம்ம சுவரோ, போன வருசம் பூசின மாதிரியே பளபளன்னு நிக்குது. விடிய முன்ன இந்தச் சாக்குல கரி அள்ளிட்டுப் போய்ப் பூசிட்டேன். சுவர் சுத்தமா இருந்தா அந்தப் புள்ளை எதைப் பூசும்?"

தெருமுனையில் வேனின் ஹார்ன் கேட்டது.

அக்ரம் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். விம்மிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு திவாகரனை ஒரு முறை முறைத்துவிட்டு, கரிச்சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜெபவீட்டை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க தம்பி?" என்று பதறினார் பாஸ்டர்.

"மேல் மூலையில இன்னும் நீலம் தெரியுது பாஸ்டர், உங்களுக்குக் கை எட்டல!"