பின்னால் வந்த பச்சைச் சேலை

"ஏனுங்க, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா?"

கார் திருச்சியைத் தாண்டுவதற்குள் வரலட்சுமி இதைப் பலமுறை கேட்டுவிட்டாள். கேட்காமல் என்ன செய்வாள்? கல்யாணமான நாளிலிருந்து மருதமலையைத் தாண்டி எங்கேயும் கூட்டிப் போகாத வெங்கடபதி, சுதந்திர தின லீவுக்குத் தஞ்சாவூரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தானாகவே கிளம்பியிருக்கிறார்.

"பெரிய கோயிலை ஊரே போய்ப் பாக்குது. நாமளும் பாப்போமே, அம்மணி."

"அதுக்கு எனக்கு எதுக்குங்க பட்டுச் சேலை?"

"கட்டினா நல்லா இருப்பே."

வரலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுடைய ஆர்.எஸ்.புரத்து வீட்டில் இப்படி ஒரு வார்த்தையைச் சுவர்கூடக் கேட்டதில்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்த மகன் கிஷன் வேறு, கரூரில் வண்டியை நிறுத்தி அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கித் தந்தான். அப்பனும் மகனும் சேர்ந்து குழைகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த வீட்டில் இருந்ததெல்லாம் ஒரே கவலைதான். கிஷனுக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. சொந்தமாகப் பம்ப்செட் பட்டறை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இருந்தும் பெண் வீட்டுக்காரர்கள் ஒருமுறை வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனால், மறுபடி போன்கூடச் செய்வதில்லை. மகன் கழுத்தில் மாலை விழாமலே போய்விடுமோ என்று வரலட்சுமிக்குத் தூக்கமே போய்விட்டது.

"ஏனுங்க, பையன் ஜாதகத்துக்குப் பரிகாரம் ஏதாச்சும் பண்றீங்களா?"

வெங்கடபதி கண்ணாடி வழியே மகனைப் பார்த்தார். "அப்படியே வெச்சுக்கோ. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் யாரையும் எதுவும் சொல்லிப்போடாத, கண்ணு."

"நா யாரைச் சொன்னேன்? எம்பட வாயில வெரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது."

கிஷன் கார் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

பெரிய கோயிலில் லீவு நாள் கூட்டம். வரிசையில் முன்னால் ஒரு இளம்பெண்ணின் இடுப்பில் குழந்தை அழுதது. "புள்ளைக்குப் பசிக்குதுன்னுகூடத் தெரியாம செல்போனை நோண்டறா பாருங்க! இவளையெல்லாம் கட்டினவன் என்ன பாவம் பண்ணினானோ," என்றாள் வரலட்சுமி. மெதுவாகத்தான் சொன்னாள். நந்தி மண்டபம் வரைதான் கேட்டிருக்கும்.

அப்போதுதான் கவனித்தாள். மயில் பச்சைச் சேலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, பக்கத்தில் சுடிதார் போட்ட பெண். செருப்பு விடும் இடத்திலும் இவர்கள்தான் நின்றார்கள். வந்தவர்கள் எல்லாம் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க, இந்த இரண்டு பேர் மட்டும் வரலட்சுமியைப் பார்த்தார்கள்.

"இந்தக் கோபுர நெழல் தரையில விழாதுன்னு சொல்வாங்க," என்றார் வெங்கடபதி.

"அது விழுதோ இல்லையோ, நம்ம பின்னால ரெண்டு நெழல் வருதுங்க. செயின் அறுக்கற கூட்டமாட்ட இருக்குது."

"சும்மா இரு அம்மணி! நாங்க தண்ணி வாங்கிட்டு வாரோம்," என்று அப்பனும் மகனும் நழுவினார்கள்.

அவர்கள் நகர்ந்ததும், பிராகாரத்தில் உட்கார்ந்த வரலட்சுமியின் பக்கத்தில் பச்சைச் சேலை வந்து உட்கார்ந்தது.

"ஏனுங்க, கோயமுத்தூருங்களா?"

"அதுக்கென்ன இப்போ?"

"சும்மாதானுங்க கேட்டேன். ஊட்டுல எத்தனை பேருங்க? வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?"

வரலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள்.

"பகல்ல ஊட்டுல நீங்க மட்டும்தானுங்களா? காலைல எப்ப எந்திரிப்பீங்க?"

வீட்டுக்கே கன்னம் வைக்கப் பார்க்கிறாள்! எதிரே அந்தப் பெண் செல்போனைத் தூக்கினாள். கோபுரத்தை எடுப்பதுபோல் பாவனை. ஆனால் போன் பார்த்ததென்னவோ வரலட்சுமியை.

அவ்வளவுதான். எட்டி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"போலீஸு! போலீஸு! திருட்டு நாய்களா! ஆத்தாளும் மகளும் சோடி போட்டுட்டுத் தொழிலுக்கு வந்திருக்கீங்களா? வளத்த லட்சணம் மூஞ்சியிலயே தெரியுதே!"

கூட்டம் கோபுரத்தை விட்டுவிட்டு இங்கே வந்தது. பாதுகாப்புக்கு நின்ற பெண் போலீஸ் ஓடிவந்தார்.

"பையைத் தொறந்து காட்டுங்கம்மா."

பச்சைச் சேலைக்காரி பையைத் திறந்தாள். உள்ளே வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், மடிப்புக் கலையாத ஒரு புதுப் பட்டுச் சேலை.

"பாத்தீங்களா, எந்தக் கடையில அமுக்கினதோ!" என்றாள் வரலட்சுமி.

தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்த கிஷன் அப்படியே நின்றுவிட்டான். "பூஜிதா..." என்று அவன் வாயிலிருந்து வந்தது. சுடிதார் பெண் கலங்கிய கண்ணோடு அவனைப் பார்த்தாள். வெங்கடபதி நெற்றியில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"இவ பேரு உனக்கெப்படிடா தெரியும்?"

பதில் சொன்னது பச்சைச் சேலைதான். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"தம்பியை எங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. மாமியாரை மட்டும் சொல்லாம ஒருக்கா பாத்துக்கறோம், மனசுக்கு ஒத்துவந்தா இங்கயே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்னு உங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லியிருந்தோமுங்க."

மகளின் கையை வரலட்சுமியின் பிடியிலிருந்து மெல்ல விடுவித்தாள்.

"பாத்துப்போட்டோமுங்க."