காலஞ்சென்ற

எழுபத்திரண்டாம் பக்கத்தில் வேதமாணிக்கத்தின் விரல் நின்றுவிட்டது.

அதுவரை மளமளவென்று வாசித்துக்கொண்டு வந்தார். தேரித்துறைக் கடற்கரையில் இருக்கும் தூய பேதுரு ஆலயத்தின் நூற்றெழுபத்தைந்து வருட வரலாறு. எழுதியவர் அவர்தான். இருபத்திரண்டு வருடமாகச் சபையின் செயலாளர். புரூப் பார்க்க முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் திருத்தங்கலுக்கு வந்திருந்தார்.

"இதை யாரு போட்டது?"

அச்சகத்து முதலாளி ஜெய்லானி எட்டிப் பார்த்தார்.

ஆலயப் பாடகர் குழுவின் பழைய படம். வெள்ளை அங்கி போட்ட பதினோரு பேர். கீழே பெயர்கள். இடமிருந்து நான்காவது: காலஞ்சென்ற வே. எட்வின் ஜெயசிங்.

"இவன் உயிரோட இருக்கான். நான் எழுதிக் குடுத்ததுல இந்த வார்த்தை இல்ல."

ஜெய்லானி கையெழுத்துப் பிரதியைப் புரட்டினார். உண்மைதான். புயலில் சாய்ந்த கோபுரத்தைத் திரும்பக் கட்டிய கொத்தனார், போன வருடம் வரை மணியடித்த கோயில்பிள்ளை, இறந்த ஒருவரையும் விடாமல் காலஞ்சென்ற என்று வேதமாணிக்கம் எழுதியிருந்தார். இந்தப் பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஜெய்லானிக்கு வியர்த்துவிட்டது. உயிரோடு இருப்பவரைச் செத்தவராக அச்சடித்துவிட்டு இந்தத் தொழிலில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

கணினி முன்னால் இருந்த வீரலட்சுமியைக் கூப்பிட்டார். பக்கம் அமைப்பது அவள்தான். நான்கு வருடத்தில் ஒரு எழுத்துப் பிசகியதில்லை.

"தப்பு இல்ல பாய். தெரிஞ்சுதான் போட்டேன்" என்றாள்.

பிறகு பெரியவரிடம் திரும்பினாள். "அச்சங்குளத்து வெடி விபத்துல எறந்துட்டாக. வர்ற மாசி வந்தா அஞ்சு வருசம். எங்க வீட்டுக்காரரு."

அவள் புருஷன் பட்டாசு ஆலையில் செத்துப்போனது ஜெய்லானிக்குத் தெரியும். அவன் தேரித்துறைக்காரன் என்று அவள் சொன்னதில்லை.

"உங்க பேரைப் பாத்ததுமே அவுக அப்பான்னு தெரிஞ்சுக்கிட்டேன். செத்தவுக எல்லாருக்கும் போட்டிருக்கீக. அவுகளுக்கு அதைக்கூடக் குடுக்க உங்களுக்கு மனசில்லையேன்னு நானே போட்டேன்."

வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"எட்வினா?" என்றார்.

ஜெய்லானி உள்ளே போய் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். காலண்டர் சீசனில் அதை யாரும் பகலில் நிறுத்துவதில்லை.

"எங்க அடக்கம் பண்ணுனீங்க?" என்று கேட்டார் வேதமாணிக்கம்.

"அடக்கம் பண்ணல. எரிச்சோம்."

அவள் குரல் உயரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஆஸ்பத்திரியில் உடம்பைக் கொடுக்கும்போது மத்தியானமாகிவிட்டது. தன்னைக் கல்லறைத் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்று அவன் ஒருதடவை சொல்லியிருந்தான். பக்கத்து ஊர்ச் சர்ச்சில் போய்க் கேட்டாள். அவர் எந்தச் சபை, அங்கிருந்து யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். யார் யாரையோ பிடித்துத் தேரித்துறை ஆலயத்தின் நம்பரை வாங்கிப் பேசினாள்.

"எட்வின் ஜெயசிங் உங்க சபைதானான்னு கேட்டேன். அந்தப் பேருல இங்க யாரும் இல்லன்னாக. அடுத்த வார்த்தை பேசுறதுக்குள்ள வச்சிட்டாக. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கல. அதுக்கு மேல உடம்பைப் போட்டு வைக்க முடியல. எங்க ஊருச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிட்டோம்."

வேதமாணிக்கம் புரூப்பை மேசையில் வைத்தார்.

"போனை எடுத்தது நாந்தான்."

வீரலட்சுமி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"பொம்பளக் குரல் கேட்டுச்சு. எங்க பேச்சை மீறி அவன் கட்டிக்கிட்ட பிள்ளைதான் பேசுதுன்னு தெரிஞ்சுது. சமாதானம் பேசக் கூப்பிடுதுன்னு நெனச்சேன்."

வீரலட்சுமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருடமாக, எல்லாம் தெரிந்தேதான் அந்த மனுஷன் போனை வைத்தார் என்று நினைத்திருந்தாள்.

"எங்க ஊர்லயும் அச்சகம் இருக்கு" என்றார் அவர். அவளைப் பார்க்காமல் ஜெய்லானியிடம் சொல்வது போலச் சொன்னார். "அவன் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில இருக்கான்னு ஒருத்தர் சொன்னாரு. புத்தகத்தை இங்க குடுத்தா நாலஞ்சு தடவை வந்து போக வேண்டியிருக்கும். வர்றப்ப எல்லாம் தேடலாம்னுதான். இன்னைக்குக்கூட சாத்தூர்ல இறங்கி ரெண்டு கம்பெனி வாசல்ல விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்."

வீரலட்சுமி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க மாமா."

உட்கார்ந்தார். ஜெய்லானி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு அவராகவே பேனாவை எடுத்து, அந்த வார்த்தையோடு புரூப் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தார்.

எழுத வரவில்லை.